ஒன்பதரைக்கட்டையின் ஊர்க்காரி

மலாயாத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ‘ஊர்’ என்றால் ஒரே அர்த்தம்தான்: கடலுக்கு அந்தப் பக்கம். ஒருவன் ஊருக்குப் போய்விட்டான் என்றால் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பலேறிவிட்டான் என்று பொருள். ஊரிலிருந்து காகிதம் வந்திருக்கிறது என்றால் தபால்தலையைப் பார்க்கவே வேண்டாம். இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் தோட்டம், டவுன், கம்பம் என்கிற மலாய்க்காரர் குடியிருப்பு, கட்டை. இங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள்கூடத் தாம் பார்த்தே இராத ஓர் இடத்தைத்தான் ஊர் என்றார்கள். இந்தப் பக்கத்து மண்ணை வாய் நிறைய ஊர் என்று சொன்னவரை நான் முதன்முதலில் சந்தித்தது 1925-ல். அவர் ஒரு பால்காரப் பெண்மணி.

அவர் ஊர் என்று சொன்ன இடம் ஒன்பதரைக்கட்டை. கட்டை என்றால் மைல்கல். ஜொகூர் மாநிலத்துக் குளாயிலிருந்து வடக்கே போகும் செம்மண் சாலையில் ஒன்பதாம் கல்லுக்கும் பத்தாம் கல்லுக்கும் நடுவில் இருந்ததால் அந்தப் பெயர். இடத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே ரயில் பாதை. வடக்கே ஓர் ஆறு. ஆறு என்பதைவிட நகரும் சதுப்பு என்பது பொருந்தும். கிழக்கிலும் தெற்கிலும் இரண்டு ரப்பர் தோட்டங்கள் தத்தம் எல்லைக் கால்வாய்களை ஒரே சாய்கோட்டில் வெட்டி நின்றுகொண்டன. ரயில்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஆற்றுக்கும் போக மிச்சமாக ஒரு முக்கோணம் கிடந்தது. யாருக்கும் வேண்டாத அந்த முக்கோணத்தில் கொஞ்சம் வீடுகள் முளைத்தன. பிற்காலத்தில் கையில் கிடைத்த பழைய வரைபடங்களிலெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறேன். இரண்டு தோட்டங்களின் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. நடுவில் வெள்ளைக் காகிதம்தான்.

ரயில் பாதை ஜொகூரை முழுக்கக் கடந்தது 1909-ல். இந்தப் பெண்மணியின் கணவர் அந்தப் பாதையில் சரளை கொட்டியவர். வேலை முடிந்து கூட்டம் கலைந்தபோது கணவர் காய்ச்சலில் இறந்தார் என்று ஒருமுறை சொன்னார். கணவர் இறந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது என்று இன்னொருமுறை சொன்னார். எது சரி என்று எனக்குத் தெரியாது, இரண்டையும் எழுதிவைக்கிறேன். இரண்டிலும் மாறாமல் வந்தது ஒன்று: எல்லோரும் போனார்கள், அவர் ஒரு கன்றுக்குட்டியோடு அங்கேயே நின்றுவிட்டார்.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடல் பாலத்தின் திறப்பு விழா நடந்ததற்கு மறு ஆண்டு நான் அங்கே ரயில் நிறுத்தத்துக்கு வேலைக்குப் போனேன். ஸ்டேஷன் என்று சொல்ல முடியாது. கொடி காட்டினால் வண்டி நிற்கும். டிக்கெட் கொடுப்பது, விளக்கேற்றுவது, கொடி காட்டுவது எல்லாம் நான்தான். முதல் நாள் காலையில் ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் பால் செம்போடு நெடுநெடுவென்று ஒருவர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்தார்.

“தம்பி புதுசா? பால் வேணுமா?”

“வேணும்க்கா. நீங்க எந்தத் தோட்டம்?”

“தோட்டம் இல்ல. இந்த ஊருதான்.”

“எந்த ஊரு?”

“நீ இப்ப நிக்கிறியே, அது.”

சுற்றிப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட ஒரு சீனர் கடை. அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் சில. சாணிக் குவியல். அதன் மேல் ஒரு சேவல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதப் போயி ஊருங்கிறீங்களே அக்கா.”

“சிரிச்சுக்க. சிரிக்கிறவன் எல்லாம் பாலுக்கு என்கிட்டதான் வரணும்.”

அவருடைய பேச்சு எப்போதும் ஆற்றின் அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். ரகசியம் சொன்னாலும் அப்படித்தான். அந்தக் குரலில் அவர் அந்த முக்கோணத்துக்கு ஒரு முழு ஊரின் இலக்கணத்தையே போட்டு வைத்திருந்தார். மேற்கோரத்தில் தண்டவாளத்தை ஒட்டிப் பாதைத் தொழிலாளர் குடியிருந்த வீடுகள் மேலத்தெரு. சீனரின் கடை வாசல் கடைவீதி. ஆற்றில் விழுந்து கிடந்த ஒரு மரத்தடி படித்துறை. “படித்துறைக்குப் போயிட்டு வர்றேன்” என்று அவர் சொல்லும்போது கேட்பவருக்குக் கல் படிக்கட்டும் கோபுரமும் கண்ணில் தெரியும். போய்ப் பார்த்தால் பாசி பிடித்த மரத்தடியில் ஓர் உடும்பு படுத்திருக்கும்.

பெயர் வைத்ததோடு விடவில்லை. அந்த முக்கோணத்தில் படுத்து எழுந்தவன் எவனும் ஊர்க்காரன், ஊர்க்காரன் என்றால் ஊர் வேலைக்கு வரவேண்டும் என்பது அவருடைய சட்டம். கிணறு இறைத்துத் தூர் வாரும் நாளுக்கு முந்தின மாலை வீடு வீடாகப் போவார். கடைக்காரச் சீனரை நாங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்று அழைப்போம். அவர் முதல் தடவை தப்பிக்கப் பார்த்தார்.

“நான் சீனன் லா! உங்க ஊரு வேலைக்கு நான் எதுக்கு?”

“சீனன்னா உனக்குத் தண்ணி வேற கெணத்துலேருந்தா வருது?”

“கடை இருக்கு லா.”

“கடைய உன் சம்சாரம் பாக்கட்டும். நீ வாளியைப் புடி.”

தவுக்கே வாளியைப் பிடித்தார். அடுத்த முறை கூப்பிடாமலே வந்தார். நான் தாமதமாகப் போனதற்கு என்னை முறைத்தார்.

ஆற்றோரம் ரம்புத்தான் மரங்கள் வைத்திருந்த மலாய்க்காரப் பெரியவரை எல்லோரும் பாக் என்போம். அவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெண்மணியோடு வாதம் செய்ததில்லை. அந்த இடத்தை அவர் ‘கம்போங் கீத்தா’ என்றுதான் சொல்வார். நம் ஊர் என்று அர்த்தம். “பாரு, அவரு பாஷையில அவரு சரியாச் சொல்றாரு. நம்ம ஆளுங்களுக்குத்தான் நாக்கு வரல” என்பார் பால்காரம்மா.

நாக்கு வராதவர்களில் முதல் ஆள் கிழக்குத் தோட்டத்துக் கங்காணி. ஆள் கூட்டிவர அடிக்கடி கப்பலேறுகிறவர். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தவுக்கே கடையில் வந்து உட்காருவார். தோட்டங்களில் ‘பால்’ என்றால் ரப்பர் பால்தான். ரப்பர் மரத்துக்கே பால்மரம் என்றுதான் பெயர். அந்தப் பாலின் விலையை லண்டன் சந்தைதான் முடிவு செய்யும். அதனால் அவருக்கு ஒரு நிரந்தரக் கிண்டல் உண்டு.

“என்னம்மா, உன் பாலுக்கு இன்னிக்கு லண்டன்ல என்ன விலை?”

“என் பாலுக்கு லண்டன் எதுக்கு கங்காணி? உன் பாலக் குடிச்சா செத்துப்போவான். என் பாலக் குடிச்சா பொழைப்பான். அதான் வித்தியாசம்.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி விடவில்லை.

“பேச்சுக்குக் கொறச்சலில்ல. ஒன்பதுமில்லாம பத்துமில்லாம அரைக்கட்டையில உக்காந்துக்கிட்டு ஊருன்னு வேற. ஊருன்னா கோயில் வேணும், கொளம் வேணும், நாலு தலைமுறை வேணும். இது மாடு கட்டுற எடம்.”

“மாடு கட்டுனேன், மனுசன் வந்தான். உன் தோட்டத்துல மனுசனையே கட்டி வச்சிருக்கியே, அதுக்கு என்ன பேரு?”

கங்காணி எழுந்து போய்விட்டார். அவர் குடித்த காப்பியின் மிச்சத்தைத் தவுக்கே பூனைக்கு ஊற்றினார்.

1926 கடைசியில் மலாயா முழுவதும் பேசப்பட்ட பெருவெள்ளம் வந்தது. கிளந்தான், பகாங் பட்ட பாடு நாங்கள் படவில்லை. ஆனாலும் எங்கள் ஆறு கரையை உடைத்துக்கொண்டு கிழக்குத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் போனது. ஒன்பதரைக்கட்டையில் ரயில் பாதையை ஒட்டிய மேடு ஒன்றுதான் நனையவில்லை. தோட்டத்து ஆட்கள் பாயும் சட்டியும் கோழியுமாக இடுப்பளவு நீரில் நடந்து எங்கள் மேட்டுக்கு வந்தார்கள். கங்காணியும் வந்தார், தலைப்பாகை மட்டும் நனையாமல் இருந்தது. பால்காரம்மா மாடுகளைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து மழையில் கட்டிவிட்டு, பிள்ளைக்காரிகளைக் கொட்டகைக்குள் ஏற்றினார். பாக்கின் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. தவுக்கே அரிசி மூட்டையைப் பிரித்தார். வெள்ளம் வடியும்வரை ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. பால்காரம்மா கங்காணிக்குக் கொட்டாங்கச்சியில் பால் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் பார்த்தேன். ஏதாவது குத்திச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். “சூடா இருக்கு, ஊதிக் குடிங்க” என்று மட்டும் சொன்னார்.

ரப்பர் விலை விழுந்தது அதன் பிறகு. 1930-லிருந்து தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. வேலை போனவர்களை அரசாங்கச் செலவில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு வாரம் எங்கள் நிறுத்தத்தில் பெட்டி படுக்கைகளோடு கூட்டம் நிற்கும். “ஊருக்குப் போறோம்” என்பார்கள். சொல்லும்போது சிலர் முகத்தில் வெளிச்சம் இருக்கும், சிலர் முகத்தில் ஒன்றும் இருக்காது.

கிழக்குத் தோட்டத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். அந்த லயத்திலேயே பிறந்தவள். தாய்ப்பால் போதாமல் பால்காரம்மாவின் பாலில் வளர்ந்துகொண்டிருந்தது அவள் குழந்தை. 1931-ல் அவளையும் அவள் புருஷனையும் அனுப்பும் நாளில் பால்காரம்மா குடையோடு வந்து நின்றார்.

“ஜொகூர் பாருக்கு ஒரு டிக்கெட் குடு தம்பி. இவ அழுதுக்கிட்டே போறா. அங்க வரைக்கும் போயி ஏத்திவிட்டுட்டு சாயங்கால வண்டியில வந்துடறேன்.”

சாயங்கால வண்டியில் அவர் வரவில்லை.

மறுநாள் காலை மாடுகள் கத்திய கத்தலில் ஒன்பதரைக்கட்டை முழுவதும் எழுந்துவிட்டது. மடி கட்டிக்கொண்டு நின்ற பசுக்கள் யாரையும் கிட்டே விடவில்லை. தவுக்கே போய் உதை வாங்கினார். கடைசியில் பாக் ஒரு யோசனை செய்தார். கொடியில் கிடந்த பால்காரம்மாவின் பழைய புடவையை எடுத்து, தம் சோங்கோக்குத் தொப்பியின் மேல் முக்காடு போட்டுக்கொண்டு பசுவின் அருகில் குந்தினார். பசு மோந்து பார்த்தது, சற்று யோசித்தது, பிறகு பாலை விட்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் காட்சிக்கு வாரக்கணக்கில் சிரித்திருப்போம்.

நான் ரயில்வே தொலைபேசியில் ஜொகூர் பாருவில் வேலை செய்த நண்பரைக் கேட்டேன். “குடை வச்ச அம்மாவா? தோட்டத்து ஆளுங்களோட சிங்கப்பூர் வண்டியில ஏறிட்டாங்களே. ஊருக்குப் போறாங்கன்னு சொன்னாங்க” என்றார். கப்பலுக்குப் போகிறவர்களைச் சிங்கப்பூரில் ஒரு டிப்போவில் வைத்திருப்பார்கள். அங்கிருந்து கப்பலில் ஏறிவிட்டால் அவரைத் திரும்ப வரவழைக்க எங்களில் யாருக்கும் வழியில்லை. அடுத்த நிறுத்தத்திலிருந்து ஓர் ஆளை மாற்றுக்கு வரவழைத்துவிட்டு நானும் தவுக்கேயும் கிளம்பினோம்.

டிப்போ வாசலில் இருந்தே அவர் குரல் கேட்டது. அதைக் கேட்டதும் தவுக்கே நடையை மெதுவாக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த தமிழ் அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பால்காரம்மாவின் கழுத்தில் மற்றவர்களைப் போலவே எண் போட்ட ஒரு தகர வில்லை. நடந்ததை அவரே சொன்னார்.

“பிளாட்பாரத்துல ஒரு சின்னப் பையன், பட்டணத்துலேருந்து புதுசா வந்த கிளார்க்கு, மேசை போட்டு உக்காந்துக்கிட்டு எல்லாரையும் கேக்கறான். எங்க போகணும்னான். ஊருக்குன்னேன். எந்தத் தோட்டம்னான். தோட்டம் இல்லன்னேன். யாருகிட்ட வேலைன்னான். என் மாட்டத் தவிர எவனுக்கும் நான் வேல பாக்கலன்னேன். ஊரு பேரு? ஒன்பதரைக்கட்டை. தாலுகா? அதான் குளாய்னு சொன்னேன். ஓ, குளித்தலையா, திருச்சிப் பக்கம்னு அவனே எழுதிக்கிட்டான். சும்மா கூட்டிட்டுப் போவோம், டிக்கெட் வேணாம்னான். நானும் என்ன நெனச்சேன்? சர்க்காரே நம்ம ஊர ஒத்துக்கிருச்சுன்னு நெனச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“வண்டி ஓடுது. ரெண்டு பக்கமும் தண்ணி. எங்க ஊருக்குப் போற வழில ஏதுடா கடலுன்னு அப்பத்தான் உறைச்சுது.”

நான் அதிகாரியிடம் பணிவாக விளக்கினேன். அவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். இந்தம்மாவுக்கு முதலாளி யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அப்படியானால் வேலையில்லாதவர் என்றார். மாடு வைத்திருக்கிறார் என்றேன். எங்கே, எந்தத் தோட்டத்தில் என்றார். தோட்டத்தில் இல்லை, ஒன்பதரைக்கட்டையில் என்றேன். அவர் சுவரிலிருந்த வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். விரல் இரண்டு தோட்டங்களின் பெயர்களுக்கு நடுவே வெள்ளைக் காகிதத்தில் போய் நின்றது.

“இங்க ஒண்ணுமே இல்லியே. அந்த எடத்துக்கு யாரு பொறுப்பு?”

“நான்தான்” என்றார் பால்காரம்மா.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. குரல் தணிந்தது. “ஏம்மா, எவ்வளவோ பேரு எடம் கெடைக்காம நிக்கறாங்க. உங்களுக்கு எழுதியாச்சு. போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். அங்க சொந்தபந்தம் யாருமில்லையா?”

பால்காரம்மா கழுத்திலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“ஒரு அண்ணன் இருந்தான். இருக்கானோ என்னமோ” என்றார் பிறகு. “அங்க போயி எறங்குனா, நீ யாருன்னு கேப்பாங்க. எங்க ஊர்ல எவனாவது என்னை அப்படிக் கேக்கட்டும், பாப்போம்.”

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. தமக்குத் தெரிந்த யாராவது உறுதி சொல்லாமல் பட்டியலிலிருந்து பெயரை அடிக்க முடியாது என்றார். ரயில் நிறுத்தத்துக் கிளார்க்கான என்னையும் சீனக் கடைக்காரரையும் அவருக்குத் தெரியாது. அப்போது பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு எழுந்து வந்தது. கிழக்குத் தோட்டத்துக் கங்காணி. தம் ஆட்களை ஒப்படைக்க வந்தவர், அந்த அதிகாரிக்குப் பல வருடப் பழக்கம். எனக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று.

கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, இவங்க தப்பா வந்துட்டாங்க. இவங்க ஊரு ஒன்பதரைக்கட்டைதான்.”

“அப்படி ஒரு ஊரு இருக்கா?”

“இருக்குங்க. வெள்ளத்துல என் ஆளுங்க அத்தன பேரையும் வச்சுக் காப்பாத்துன ஊரு. நானும் அங்கதான் ஒதுங்குனேன்.”

அதிகாரி பெயரை அடித்தார். தகர வில்லையை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் பால்காரம்மா கங்காணியின் பக்கம் திரும்பினார்.

“கங்காணி, உள்ள என்னமோ ஒரு வார்த்தை சொன்னீங்களே. காது சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க.”

“சும்மா போம்மா. மாடு கத்தும்.”

கைக்குழந்தைக்காரி வேலி ஓரத்தில் நின்றிருந்தாள். நாங்கள் பார்த்து மகிழ்ந்த அதே காட்சி அவளுக்கு இடியாக இருந்திருக்கிறது.

“நீங்களும் வர்றீங்கன்னு தைரியமா இருந்தேன் அக்கா. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது.”

பால்காரம்மா வேலிக்குள் கையை விட்டுக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப போகத்தான் வேணும்டி. தோட்டத்துல சோறில்ல, என் மாட்டுப் பாலு உங்க மூணு பேருக்கும் பத்தாது. போ. நல்லா இருந்தா அங்கயே இரு. நல்லா இல்லன்னா நம்ம ஊரு இருக்கு, வந்துரு.”

அவர் அதை எப்போதும் போல உரக்கத்தான் சொன்னார். டிப்போ முழுவதும் கேட்டிருக்கும். பலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. இந்தப் பக்கத்திலும் வந்துவிடலாம் என்று சொல்ல ஓர் ஊர் இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி.

1934-ல் ரப்பர் விலை தேறி, கப்பல்களில் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் ஒரு பிற்பகலில் தெற்கிலிருந்து வந்த வண்டி எங்கள் நிறுத்தத்தில் நின்றது. ஒரு மூட்டையோடு ஒருவன் இறங்கினான். பிறகு ஒருத்தி. அவள் இடுப்பிலிருந்து குதித்து இறங்கிய குழந்தை தானாக நடந்தது. யாரும் அவர்களை அழைக்க வரவில்லை. தோட்டத்துப் பாதையின் பக்கம் அவர்கள் திரும்பவும் இல்லை. மூவரும் வண்டி போகும்வரை அப்படியே நின்றார்கள்.

பால்காரம்மா தண்டவாளத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார். கிட்டே வந்து நின்று, அவளை மேலும் கீழும் பார்த்தார். ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் கடுகடுவென்று ஆனது.

“ஏன்டி, இம்புட்டு நாளா ஊரவிட்டு எங்க போயித் தொலைஞ்ச?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கடலையும் மூன்று ஆண்டுகளையும் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை போலும். திறந்த வாய் சிரிப்பாகவும் அழுகையாகவும் கோணியது.

“சரி சரி, அப்புறம் பேசு. புள்ள வெயில்ல நிக்குது பாரு” என்று சொல்லி, பால்காரம்மா குடையை விரித்துக் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.